சிறப்பு இல்லத்தை மூடினால் உள்ளே இருப்பவர்கள் எங்கே போவார்கள்? சட்டம் சொல்வதும் சொல்லாமல் விட்டதும்

மைசூரு ஹெப்பாள் உங்களில் பலருக்குப் பழக்கமான இடம். பெங்களூரு மேம்பாலத்து ஹெப்பாள் இல்லை, இது வேற. தொழிற்பேட்டை, ரிங் ரோடு, பக்கத்திலேயே இன்ஃபோசிஸ் பயிற்சி வளாகம். தமிழ்நாட்டில் பொறியியல் முடித்த எத்தனையோ பேருக்கு முதல் சம்பளம் வந்த ஊர்.

அங்கே வேலை பார்க்கும் ஒருவரை வைத்து ஒரு கற்பனை நிலைமையைப் பார்ப்போம். உங்களுக்கு 29 வயது. தம்பிக்கு 24. ஆட்டிசமும் அறிவுசார் குறைபாடும் உள்ளவர், அவ்வப்போது வலிப்பும் வரும். அப்பா அம்மாவுக்கு வயதாகிவிட்டது. ஆறு வருஷமாகத் தம்பி, நீங்கள் போய்ப் பார்க்கும் தூரத்தில், ஒரு அறக்கட்டளை நடத்தும் இல்லத்தில் தங்கியிருக்கிறார். ஒரு நாள் கடிதம் வருகிறது. மார்ச் 31-உடன் இல்லம் மூடப்படுகிறது, அதற்குள் வந்து அழைத்துப் போகவும்.

"மூடக் கூடாது" என்றுதான் முதலில் தோன்றும். அந்த எதிர்ப்பு நியாயமா? சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறதா? எங்கே போய் என்ன கேட்க வேண்டும்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

இது எத்தனை பேருக்கான பிரச்சினை?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடி பேர். அதில் அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் சுமார் 15 லட்சம். கர்நாடகத்தில் எல்லா வகைக் குறைபாடுகளையும் சேர்த்து 13.24 லட்சம், தமிழ்நாட்டில் 11.79 லட்சம். அந்தக் கணக்கெடுப்பில் ஆட்டிசத்துக்குத் தனிக் கட்டமே கிடையாது. 2016 சட்டம்தான் அங்கீகரிக்கப்பட்ட குறைபாடுகளை 7-லிருந்து 21 ஆக்கி, ஆட்டிசத்தையும் அந்தப் பட்டியலில் சேர்த்தது.

2018 ஜூலை முதல் டிசம்பர் வரை நடந்த தேசிய மாதிரி ஆய்வின் 76-வது சுற்று இன்னொரு விஷயத்தைச் சொல்கிறது. மாற்றுத்திறனாளிகளில் பத்தில் ஆறு பேருக்கு மேல் ஒரு பராமரிப்பாளரோடு வாழ்கிறார்கள். அரசின் சான்றிதழ் வைத்திருப்பவர்கள் பத்தில் மூன்று பேர்கூட இல்லை.

பராமரிப்பாளர் என்றால் நடைமுறையில் பெரும்பாலும் அம்மா. அவருக்கு 60, 65 வயது ஆகும்போதுதான் "எனக்கப்புறம் இவன யாரு பாத்துப்பாங்க?" என்ற கேள்வி வீட்டில் சத்தமாகக் கேட்கத் தொடங்கும். அப்போது கண்கள் திரும்புவது உங்கள் பக்கம், அதாவது வேலையில் இருக்கும் அண்ணன் அல்லது அக்கா பக்கம். தங்கும் இல்லம் என்பது அந்தக் கேள்விக்குப் பல குடும்பங்கள் கண்டுபிடித்த ஒரே பதில்.

ஏன் மூடுகிறார்கள்?

மூடல் எல்லாம் ஒரே மாதிரி இல்லை. நான்கு வகை உண்டு. உங்களுக்கு வந்த கடிதம் இதில் எது என்று தெரியாமல் எதிர்ப்பைத் தொடங்கினால் தப்பான கதவைத் தட்டிக்கொண்டிருப்பீர்கள்.

முதல் வகை, அரசு பதிவை ரத்து செய்வது. நிபந்தனை மீறல், துன்புறுத்தல், விண்ணப்பத்தில் பொய்த் தகவல் போன்றவை காரணமாக இருக்கும்.

இரண்டாவது, பணம் நின்றுபோவது. அரசு மானியம் தாமதமாகலாம், நன்கொடை வற்றலாம்.

மூன்றாவது, நிர்வாகமே கைவிடுவது. கட்டட உரிமையாளர் காலி செய்யச் சொல்வார், நிலத்தின் மதிப்பு ஏறும், நிறுவியவர் இறந்துபோவார், இரவுப் பணிக்கு ஆள் கிடைக்காது.

நான்காவது, கொள்கை. பெரிய விடுதிகளே கூடாது, எல்லோரும் ஊரோடு வாழ வேண்டும் என்ற முடிவு.

முதல் வகைக்குத்தான் இந்தியச் சட்டம் விரிவாக வழி சொல்கிறது. மற்ற மூன்றிலும் நீங்கள் கிட்டத்தட்ட தனியாகத்தான் நிற்பீர்கள்.

மூடுவது எப்போதுமே தப்பா?

இல்லை. இதை நேராகச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் உங்கள் எதிர்ப்பின் பலமே இதில்தான் இருக்கிறது.

2001 ஆகஸ்ட் 6 அதிகாலை ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகக் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். ஒரு வாரத்துக்குள் அங்கிருந்த அப்படிப்பட்ட காப்பகங்கள் எல்லாம் மூடப்பட்டு, 500-க்கும் மேற்பட்டோர் அரசின் பொறுப்புக்கு வந்தார்கள். அந்த மூடலை யாரும் எதிர்க்க முடியாது.

2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில் முறையான அனுமதி இல்லாமல் இயங்கிய அன்பு ஜோதி ஆசிரமத்திலிருந்து 140-க்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டார்கள். இந்த விவகாரத்தை வெளியே கொண்டுவந்தது, உறவினர் ஒருவரைத் தேடி சென்னை உயர் நீதிமன்றத்தில் போடப்பட்ட ஆட்கொணர்வு மனு. ஆசிரமத்தில் சேர்க்கப்பட்ட அந்த முதியவர் பெங்களூருவில் உள்ள வேறொரு இல்லத்துக்கு மாற்றப்பட்டார், அங்கிருந்து காணாமல் போய்விட்டார் என்று குடும்பத்துக்குச் சொல்லப்பட்டது. ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கு ஒரு மனிதரை மாற்றியிருக்கிறார்கள், அது குடும்பத்துக்குத் தெரியவே இல்லை. இதை மனதில் வையுங்கள், திரும்பவும் வரும்.

அரசே நடத்தினாலும் பாதுகாப்பு தானாக வந்துவிடாது. டெல்லி ரோகிணியில் அரசு நடத்தும் ஆஷா கிரண் இல்லத்தில் 2024 ஜூலையில் மட்டும் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இடத்துக்கு மீறிய கூட்டம் என்பது அந்த இல்லத்தின் மேல் இருந்த பழைய புகார்.

"விடுதியே வேண்டாம்" என்கிற தரப்பின் வாதத்திலும் நியாயம் இருக்கிறது. ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் உடன்படிக்கையை இந்தியா 2007 அக்டோபரில் ஏற்றது. அதன் 19-வது பிரிவு, எங்கே யாரோடு வாழ்வது என்று தேர்ந்தெடுக்கும் உரிமை எல்லோரையும் போலவே மாற்றுத்திறனாளிகளுக்கும் உண்டு என்கிறது. நம்முடைய 2016 சட்டத்தின் 5-வது பிரிவும் அதையே சொல்கிறது. ஒரு குறிப்பிட்ட ஏற்பாட்டில்தான் வாழ வேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது, வீட்டிலும் தங்குமிடத்திலும் ஊரிலும் உதவிகள் கிடைக்கச் செய்ய அரசு முயல வேண்டும்.

அந்தக் கடைசி வரியை இன்னொரு தடவை படியுங்கள். உதவிகள் கிடைக்க வேண்டும். விடுதியை மூடுவது அந்த வாக்கியத்தின் பாதிதான். மீதிப் பாதி நடக்காமல் மூடினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு உதாரணம் இருக்கிறது.

தென்னாப்பிரிக்காவில் என்ன நடந்தது?

ஜொகன்னஸ்பர்க் நகரம் இருக்கும் கௌடெங் மாகாணத்தில், 'லைஃப் எசிடிமெனி' என்ற தனியார் நிறுவனம் அரசுக்காக நீண்டகாலப் பராமரிப்பு மையங்களை நடத்தியது. மனநோயாளிகளும் தீவிர அறிவுசார் குறைபாடு உள்ளவர்களும் அங்கே பல வருஷங்களாக இருந்தார்கள். 2015 அக்டோபரில் மாகாணச் சுகாதாரத் துறை அந்த ஒப்பந்தத்தை முடிப்பதாக அறிவித்தது. சொன்ன காரணங்கள் இரண்டு: செலவைக் குறைப்பது, நோயாளிகளைச் சமூகத்தோடு சேர்ப்பது. கேட்க நல்லாத்தான் இருந்தது.

ஒரு நபருக்கு ஒரு நாளைக்கு சுமார் 320 ராண்ட் செலவான இடத்திலிருந்து, நாளுக்கு 112 ராண்ட் தரப்படும் தொண்டு நிறுவனங்களுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாற்றப்பட்டார்கள். கோப்புகள் கூடப் போகவில்லை, பல குடும்பங்களுக்கு யார் எங்கே என்றே சொல்லப்படவில்லை. மாகாண அரசு தேர்ந்தெடுத்த 27 தொண்டு நிறுவனங்களின் உரிமங்களும் செல்லாதவை என்று நாட்டின் சுகாதாரக் குறைதீர்ப்பு அதிகாரி 2017 பிப்ரவரியில் அறிக்கை கொடுத்தார்.

இறந்தவர்கள் 144 பேர். காரணங்களில் நிமோனியா, வலிப்பு, நீரிழப்பு, பட்டினி எல்லாம் உண்டு.

குடும்பங்கள் முன்கூட்டியே எச்சரித்தன, நீதிமன்றத்துக்கும் போயின. ஆனால் மாற்றம் நிற்கவில்லை. 2018 மார்ச்சில் ஓய்வுபெற்ற நீதிபதி டிக்காங் மொசெனெகே, குடும்பங்களுக்குத் தலா 12 லட்சம் ராண்ட் இழப்பீடு தரச் சொன்னார். 2024 ஜூலையில் மரண விசாரணை நீதிமன்றம், அந்த மாகாணத்தின் முன்னாள் சுகாதார அமைச்சரும் மனநலத் துறையின் முன்னாள் இயக்குநரும் 9 மரணங்களுக்குக் காரணம் என்று கண்டறிந்தது.

அப்போ மாற்றுவதே ஆபத்தா?

அப்படியும் சொல்ல முடியாது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பென்ஹர்ஸ்ட் என்ற அரசு நிறுவனம் 1908 முதல் இயங்கியது. உள்ளே நடந்த கொடுமைகளுக்காக 1974-ல் வழக்குப் போடப்பட்டு, 1987-ல் அது மூடப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் ஒவ்வொருவருக்கும் தனித் திட்டம் போடப்பட்டது. யார் எங்கே போகிறார், அங்கே என்ன உதவி கிடைக்கும் என்பதை நீதிமன்றம் நியமித்தவர்கள் கண்காணித்தார்கள்.

அங்கிருந்த 1,154 பேரைப் பின்தொடர்ந்த ஆய்வு 1985-ல் வெளியானது. சிறிய வீடுகளுக்குப் போனவர்கள் புதிய திறன்கள் கற்றுக்கொண்டு, முன்பைவிட நன்றாக வாழ்ந்தார்கள். மாற்றத்துக்கு முன்னால் கடுமையாக எதிர்த்த பெற்றோர்களில் பெரும்பாலானவர்கள், மாற்றத்துக்குப் பிறகு அதை ஆதரித்தார்கள்.

எதிர்த் தரவும் உண்டு. 1996-ல் கலிஃபோர்னியாவில் வெளியான ஆய்வு ஒன்று, சமூக வீடுகளுக்குப் போனவர்களிடம் இறப்பு அபாயம் கூடுதல் என்றது. வேறு ஆய்வாளர்கள் அதன் கணக்கை மறுத்தார்கள், அந்த விவாதம் பல வருஷம் ஓடியது. ஆனால் பென்ஹர்ஸ்டையும் கௌடெங்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகத் தெரியும். இரண்டு இடத்திலும் வாக்குறுதி ஒன்றுதான், சமூகத்தோடு வாழ்வது. வேறுபட்டது வரிசை. பென்ஹர்ஸ்டில் ஒவ்வொருவருக்கும் இடம் தயாரான பிறகு கதவு மூடியது. கௌடெங்கில் கதவு மூடும் தேதி முதலில் முடிவானது, இடம் அவசரத்தில் தேடப்பட்டது.

நீங்கள் எழுதப்போகும் கடிதத்தின் மையக் கோரிக்கையும் இந்த வரிசைதான். என் தம்பிக்கு அடுத்த இடம் எது என்று பெயர் சொல்லி, நான் போய்ப் பார்த்து, அவரும் ஏற்ற பிறகு மூடுங்கள்.

இந்தியச் சட்டம் என்ன சொல்கிறது?

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-ன் 50-வது பிரிவுப்படி பதிவுச் சான்றிதழ் இல்லாமல் யாரும் இப்படியொரு இல்லத்தை நடத்த முடியாது. அரசே நடத்தும் இல்லங்களுக்கு மட்டும் 54-வது பிரிவு விலக்கு தருகிறது. ரத்து செய்வதைப் பற்றிப் பேசுவது 52-வது பிரிவு. விளக்கம் கேட்டு நோட்டீஸ் கொடுக்காமல் ரத்து செய்யக் கூடாது. 53-வது பிரிவில் மேல்முறையீடு உண்டு. மேல்முறையீட்டுக்கான கெடு முடியும் வரை, மேல்முறையீடு செய்திருந்தால் அதில் தீர்ப்பு வரும் வரை, இல்லம் இயங்கலாம். மேல்முறையீட்டு உரிமையை 'பாதிக்கப்பட்ட எவருக்கும்' என்று சட்டம் எழுதியிருக்கிறது, நிர்வாகத்துக்கு மட்டும் என்று சுருக்கவில்லை. குடும்பமும் பாதிக்கப்பட்ட தரப்பு என்று வாதிட அங்கே இடம் இருக்கிறது.

ரத்தான பிறகு உள்ளே இருப்பவர்கள்? அதிகாரி அவர்களைப் பெற்றோர், துணைவர் அல்லது சட்டப்படியான காப்பாளரிடம் ஒப்படைக்கவோ, வேறு இல்லத்துக்கு மாற்றவோ உத்தரவிட*லாம்*. இங்கதான் சிக்கல். 'லாம்' என்று இருக்கிறது, 'வேண்டும்' என்று இல்லை. மாற்றத் திட்டம் பற்றியோ, சம்பந்தப்பட்டவரின் விருப்பத்தைக் கேட்பது பற்றியோ, மாறிய பிறகு கண்காணிப்பது பற்றியோ அந்தப் பிரிவில் ஒரு வரி இல்லை.

இதைச் சிறார் நீதிச் சட்டம், 2015-உடன் ஒப்பிட்டுப் பாருங்கள். அதன் 41(7) பிரிவு 18 வயதுக்கு உட்பட்டவர்களின் இல்லங்களைப் பற்றியது. மறுவாழ்வுச் சேவைகளைத் தராத இல்லத்தின் பதிவை அரசு ரத்து செய்தாலோ நிறுத்திவைத்தாலோ, பதிவு திரும்பக் கிடைக்கும் வரை மாநில அரசே அந்த இல்லத்தை நடத்த வேண்டும். குழந்தை இருந்த இடத்திலேயே இருக்கும், நிர்வாகம் மட்டும் மாறும்.

ஆக, 17 வயதில் உங்கள் தம்பி குழந்தைகள் இல்லத்தில் இருந்தால், அரசு வந்து நடத்த வேண்டிய நிலை ஏற்படலாம். 24 வயதில், அதே குறைபாட்டோடு, அதே அளவு உதவி தேவைப்பட்டாலும் அந்தக் கடமை இல்லை. குழந்தைகள் இல்லத்திலிருந்து வெளியேறுபவர்களுக்கான பின்பராமரிப்பும் பொதுவாக 21 வயதோடு, விதிவிலக்காக 23 வயதோடு முடிந்துவிடும். அறிவுசார் குறைபாடு 18-லோ 23-லோ முடிவதில்லை.

மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 உதவாதா என்று கேட்கலாம். குடும்பம் இல்லை என்பதற்காக மட்டும் ஒருவரை மனநல நிறுவனத்திலேயே வைத்திருக்கக் கூடாது, சமூகத்தில் வாழ அரசு ஆதரவு தர வேண்டும் என்று அது சொல்கிறது. ஆனா மனநோய் என்பதற்கு அந்தச் சட்டம் தரும் வரையறையிலேயே அறிவுசார் குறைபாடு சேராது என்று எழுதியிருக்கிறது. உங்கள் தம்பிக்கு அந்தக் கதவு பாதி மூடியபடிதான் இருக்கிறது.

நிர்வாகம் தானாக மூடினால்? பதிவு ரத்துக்கு உள்ள நோட்டீஸ், மேல்முறையீடு, மாற்று உத்தரவு என்ற மூன்று படிகளும் அப்போது தாமாக வராது. மார்ச் 31 கடிதம் இந்த வகை என்றால் நீங்கள்தான் அரசை உள்ளே இழுக்க வேண்டும்.

யாரிடம் போவது?

ஹெப்பாள் உதாரணத்திலேயே தொடர்வோம்.

1. முதலில் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். வாய்வார்த்தை போதாது. மூடுவது ஏன், எத்தனை பேர் இருக்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் என்ன ஏற்பாடு என்று நிர்வாகத்திடம் கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள்.

2. தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். கர்நாடகத்தின் மாற்றுத்திறனாளிகள் மற்றும் மூத்த குடிமக்கள் அதிகாரமளித்தல் துறையிடம் அந்த இல்லத்தின் பதிவு நிலை, ஆய்வு அறிக்கைகள், மானிய விவரம் கேட்கலாம். ஆங்கிலத்திலோ இந்தியிலோ கன்னடத்திலோ எழுத வேண்டும், தமிழில் எழுதினால் நடக்காது. பதிலுக்கு 30 நாள் கெடு. கடிதம் வந்த அன்றே போட்டுவிடுங்கள்.

3. மைசூரு மாவட்டத் துணை ஆணையரிடமும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடமும் மனு கொடுங்கள். கர்நாடகத்தில் நம்ம ஊர் கலெக்டர் பதவிக்குத்தான் துணை ஆணையர், சுருக்கமாக டி.சி., என்று பெயர். தேசிய அறக்கட்டளைச் சட்டம், 1999-ன் கீழ் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்காக இயங்கும் உள்ளூர்க் குழுவிலும் அவர் இருப்பார்.

4. சட்டப்படியான காப்பாளர் யார் என்று பாருங்கள். 18 வயது ஆனதும் அம்மா அப்பாவின் இயற்கைக் காப்பாளர் நிலை முடிந்துவிடும். பல வீடுகளில் இது தெரிவதே இந்த மாதிரி நேரத்தில்தான். மேலே சொன்ன உள்ளூர்க் குழுதான் காப்பாளர் சான்று கொடுக்கும். அந்தத் தாள் இல்லாமல் போனால், "நீங்க யாரு?" என்ற கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்காது.

5. மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் புகார் கொடுங்கள். உரிமை மறுப்பை விசாரிக்க 80-வது பிரிவு அவருக்கு அதிகாரம் தருகிறது, சிவில் நீதிமன்றத்துக்குரிய சில அதிகாரங்களும் உண்டு. அவர் பரிந்துரை செய்தால் சம்பந்தப்பட்ட அதிகாரி 3 மாதத்துக்குள் நடவடிக்கையைச் சொல்ல வேண்டும். ஏற்கவில்லை என்றால் காரணத்தை ஆணையருக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் எழுத்தில் தர வேண்டும். இது 81-வது பிரிவு.

6. தீவிர ஆதரவுக்கு விண்ணப்பியுங்கள். அதிக உதவி தேவைப்படுபவர் சார்பில் யார் வேண்டுமானாலும் 38-வது பிரிவில் கேட்கலாம், மதிப்பீட்டு வாரியம் தேவையை ஆராயும். மைசூரு மானசகங்கோத்ரியில் 1965 முதல் இயங்கும் அகில இந்தியப் பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனம் போன்ற இடத்திலிருந்து புதிய மதிப்பீட்டு அறிக்கை வாங்கி வைத்தால், உங்கள் கோரிக்கைக்கு எடை கூடும்.

7. கடைசியாக, பெங்களூருவில் உள்ள கர்நாடக உயர் நீதிமன்றம். 226-வது பிரிவில் ரிட் மனு. இங்கே என்ன கேட்கிறீர்கள் என்பது முக்கியம். "மூடக் கூடாது" என்று மட்டும் கேட்டால், நடத்த முடியாதவரை எப்படி நடத்தச் சொல்வது என்று எதிர்த்தரப்பு கேட்கும். "ஒவ்வொருவருக்கும் தனித் திட்டம் தயாராகும் வரை யாரையும் வெளியேற்றக் கூடாது, அதுவரை அரசு உதவ வேண்டும்" என்ற கோரிக்கையைத் தள்ளிவிடுவது கடினம்.

இதைத் தனியாகச் செய்யாதீர்கள். அந்த இல்லத்தில் 30 பேர் இருந்தால் 30 குடும்பங்கள் இருக்கின்றன. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் மர்ரே மையத்தை மூடப்போவதாக 2012-ல் ஆளுநர் அறிவித்தபோது பெற்றோர் சங்கம் எதிர்த்து நின்றது. 2015-ல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்களுக்கு இடைக்காலத் தடை தர மறுத்தது. ஆனால் அதற்குள் புதிய ஆளுநர் மூடும் முடிவைக் கைவிட்டிருந்தார். வழக்கில் கிடைக்காததை, விடாமல் சேர்ந்து நின்றது வாங்கித் தந்தது. அதே மாநிலத்தில் ஜாக்சன்வில் மையம் 2012-லேயே மூடப்பட்டுவிட்டது.

மாற்றத்தைத் தடுக்க முடியாவிட்டால்?

அப்போதும் நீங்கள் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது, அதை இன்றைக்கே தொடங்கலாம். உங்கள் தம்பிக்கு ஒரு கோப்பு போடுங்கள். யுடிஐடி அட்டை, காப்பாளர் சான்று, வலிப்பு மாத்திரையின் பெயரும் அளவும் நேரமும், ஒவ்வாமை, கடைசி மருத்துவ அறிக்கைகள்.

இதைவிட முக்கியமான தகவல் காகிதத்தில் இருக்காது. வலிப்பு வருவதற்கு முன்னால் அவர் காதைத் தேய்ப்பார், சாதத்தில் குழம்பைக் கலந்து வைத்தால் சாப்பிட மாட்டார், தண்ணீர் வேண்டுமென்றால் டம்ளரைத் தட்டுவார் என்பதெல்லாம் அங்கே இரவுப் பணி பார்க்கும் ஆயாவுக்குத்தான் தெரியும். இல்லம் மூடினால் அவருக்கும் வேலை போகும், அந்த அறிவும் அவரோடு போய்விடும். போவதற்கு முன் அவரோடு உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதி வாங்குங்கள், முடிந்தால் மொபைலில் வீடியோ எடுங்கள். கௌடெங்கில் தொலைந்தது இந்தத் தகவல்தான்.

புதிய இடத்தைச் சொல்லாமல் கொள்ளாமல் போய்ப் பாருங்கள். பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள். இரவில் எத்தனை பேர் பணியில் இருக்கிறார்கள், பக்கத்து மருத்துவமனை எவ்வளவு தூரம், குடும்பம் எப்போது வேண்டுமானாலும் வரலாமா என்று கேளுங்கள். எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்பதற்கு "இல்லை" என்றால் அந்த இடம் வேண்டாம். தம்பியை முதலில் ஒரு பகல், பிறகு ஒரு இரவு தங்க வைத்துப் பாருங்கள். பேச வராவிட்டாலும் அவர் தன் விருப்பத்தைச் சொல்வார், கவனிக்க ஆள் இருந்தால் போதும்.

தமிழ்நாட்டுக்கே அழைத்துப் போக நினைத்தால், மாற்றுத்திறனாளி சான்றிதழ் நாடு முழுக்கச் செல்லும் என்று 58-வது பிரிவு சொல்கிறது. ஆனால் உதவித்தொகை மாநிலத்துக்கு மாநிலம் வேறு, புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். தமிழ்நாட்டில் கடும் பாதிப்பு உள்ளவர்களுக்கான பராமரிப்பு உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 2,000 ரூபாய். மத்திய அரசின் இந்திரா காந்தி தேசிய மாற்றுத்திறனாளி ஓய்வூதியத்தில் மத்தியப் பங்கு, 80 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு மாதம் 300 ரூபாய். வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள ஒரு பகல்நேர உதவியாளரை நியமிக்க இந்தத் தொகை எத்தனை நாளுக்கு வரும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். "சமூகத்தோடு வாழட்டும்" என்பதற்கு அரசு இப்போது ஒதுக்கும் விலை அது.

சட்டத்தில் என்ன மாற வேண்டும்?

2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் தங்கும் பராமரிப்பு இல்லங்களை நாடு முழுக்க ஆய்வு செய்யும் பொறுப்பை எட்டு தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களிடம் கொடுத்தது. ஆஷா கிரண் இல்லத்தின் நிலை குறித்து வருஷக்கணக்கில் நடந்த வழக்கில் வந்த உத்தரவு அது. இல்லங்களுக்குள் என்ன நடக்கிறது என்ற கேள்வி தேசிய அளவுக்கு வந்திருக்கும் இந்த நேரத்தில், மூடும்போது என்ன நடக்க வேண்டும் என்ற கேள்வியையும் சேர்த்துக் கேட்கலாம்.

கேட்க வேண்டியவை மூன்றுதான். ஒன்று, 52-வது பிரிவின் 'லாம்' என்பதை 'வேண்டும்' என்று மாற்றி, ஒவ்வொருவருக்கும் எழுத்துப்பூர்வமான மாற்றத் திட்டத்தைக் கட்டாயமாக்குவது. இரண்டு, குழந்தைகள் இல்லத்துக்கு உள்ளதுபோல, மாற்று ஏற்பாடு முடியும் வரை அரசே இல்லத்தை நடத்தும் கடமையை 18 வயது தாண்டியவர்களுக்கும் நீட்டிப்பது. மூன்று, நிர்வாகம் தானாக மூடினாலும் அரசுக்கு முன்னறிவிப்பு கொடுக்கச் செய்வது, மாறிய பிறகு குறைந்தது ஓராண்டு கண்காணிப்பது.

உங்கள் குடும்பத்தில் ஒருவர் இப்படியொரு இல்லத்தில் இருந்தால், கடிதம் வரும் வரை காத்திருக்க வேண்டாம். அடுத்த தடவை பார்க்கப் போகும்போது பதிவுச் சான்றிதழ் எந்தத் தேதி வரை செல்லும் என்று கேளுங்கள், காப்பாளர் சான்று யார் பெயரில் இருக்கிறது என்று வீட்டில் கேளுங்கள். மற்ற குடும்பங்களின் நம்பர்களையும் வாங்கி ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கிவிடுங்கள்.